வனாந்தரமும் வாக்குத்தத்த பூமியும்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு மேற்கு நோக்கி விரிந்தபோது, எல்லைப்புற வாழ்வை ஓவியர்களும் சிற்பிகளும் ஏராளமான படைப்புகளில் பதிந்தார்கள். கூண்டு வண்டிகளின் நெடும்பயணம், காடு திருத்தி எழுப்பிய மரக்குடிசை, காட்டெருமை வேட்டை, பூர்வகுடிகளின் கூடாரங்கள் என்று அவற்றில் காட்சிகள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சமயக் கேள்வி ஓடுகிறது. ஒரு நிலத்தைக் கடவுள் ஒரு கூட்டத்தாருக்கென்று ஒதுக்கித் தருவாரா? தருவார் என்றால், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவருக்கு யார்? பிரசங்கிகள் வேத வசனங்களைக் காட்டி இதற்குப் பதில் சொன்னார்கள். கலைஞர்களின் பதில் வேறு வழியில் வந்தது. எங்கே ஒளி விழ வேண்டும், எங்கே நிழல் படிய வேண்டும், எந்த இடம் ஆளற்றுத் தெரிய வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவுகளே அந்தப் பதில்.

இந்த எண்ணத்தின் வேர் ஓவியங்களைவிடப் பழையது. 1630இல் மாசசூசெட்ஸ் கரைக்கு ஜான் வின்த்ரப் தலைமையில் வந்த பியூரிட்டன்கள் தங்களைப் புதிய இஸ்ரவேலராகவே கண்டார்கள். இங்கிலாந்து அவர்களுக்கு எகிப்து, அட்லாண்டிக் பெருங்கடல் செங்கடல், எதிரே கிடந்த காடு யாத்திராகமத்தின் வனாந்தரம். 1776இல் நாட்டின் முத்திரைக்கு யோசனை கேட்டபோது, மோசே கடலைப் பிளக்கும் காட்சியை பெஞ்சமின் பிராங்க்ளின் முன்வைத்தார். மேகஸ்தம்பமும் அக்கினிஸ்தம்பமும் வழிகாட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடக்கும் காட்சியைத் தாமஸ் ஜெபர்சன் சொன்னார். இரண்டும் ஏற்கப்படவில்லை. ஆனால் பகுத்தறிவை முதன்மையாகப் போற்றிய இவ்விருவருக்குமே அந்தக் கதைதான் முதலில் தோன்றியது என்பது கவனிக்கத்தக்கது. அந்தக் கதைக்குள் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்ட கானான் தேசத்தில் ஏற்கெனவே கானானியர் இருந்தார்கள்.

வேதாகமத்தோடு சட்டமும் தத்துவமும் சேர்ந்துகொண்டன. புதிதாகக் கண்டறியப்பட்ட நிலங்களை ஸ்பெயினுக்கு வழங்கி 1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் ஆணை பிறப்பித்தார். ‘கண்டறிந்தவருக்கே உரிமை’ என்ற கொள்கை அதிலிருந்து வளர்ந்து, 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றுக்கும் அடிப்படையாயிற்று. தத்துவத் தரப்பில் ஜான் லாக் துணை நின்றார். பொதுவில் கிடக்கும் நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்பது அவர் வாதம். எல்லைப்புற ஓவியங்களில் குடியேறிகளின் பக்கத்தில் கோடரியும் ஏரும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் திரும்பத் திரும்ப வருவதற்கு லாக்கின் வாதத்தில் விளக்கம் இருக்கிறது. பூர்வகுடிகள் பலர் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்ட உழவர்கள். ஆனால் ஓவியச் சீலையில் அவர்கள் பெரும்பாலும் வில்லோடும் குதிரையோடும்தான் நிற்கிறார்கள். வயலில் குனிந்து நிற்கும் பூர்வகுடிப் பெண்ணை வரைந்திருந்தால் வாதமே கவிழ்ந்திருக்கும்.

அமெரிக்க நிலக்காட்சியின் முதல் பெரும் ஓவியரான தாமஸ் கோல் (1801–1848) இந்தக் கேள்வியில் நிம்மதி காணாதவர். இங்கிலாந்தின் ஆலை நகரமான போல்டனில் பிறந்து 1818இல் அமெரிக்கா வந்தவர். புகையும் எந்திரமும் நிலத்தை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டிருந்தார். காடு அவருக்குப் படைத்தவனின் கைப்படாத எழுத்து; கோடரி அதை அழிப்பதைத் தம் கட்டுரைகளில் வெளிப்படையாக வருந்தி எழுதினார். கனெக்டிகட் ஆற்றின் வளைவை ஹோலியோக் மலையிலிருந்து காட்டும் 1836ஆம் ஆண்டு ஓவியத்தில் இடப்பாதி புயல் கலைந்துகொண்டிருக்கும் காடு, வலப்பாதி வெயிலில் கிடக்கும் வயல்வெளி. இரண்டுக்கும் நடுவே, தூரிகையும் கையுமாகத் திரும்பிப் பார்க்கும் மிகச் சிறிய உருவம் கோலேதான். தூரத்து மலைச்சரிவில் மரம் வெட்டிய தழும்புகள் எபிரெய எழுத்துகள்போல் அமைந்திருக்கின்றன. நேராகப் பார்த்தால் நோவாவின் பெயர் என்றும், தலைகீழாகப் பார்த்தால் ‘சர்வவல்லவர்’ என்று பொருள்படும் சொல் என்றும் ஆய்வாளர்கள் சிலர் படிக்கிறார்கள். அது சரியென்றால், குடியேற்றம் தழைத்த அதே சரிவில் பிரளயத்தின் நினைவையும் கோல் எழுதி வைத்திருக்கிறார்.

அதே ஆண்டு அவர் முடித்த ‘பேரரசின் போக்கு’ என்ற 5 ஓவியங்களின் வரிசை இந்த அச்சத்தை மறைக்கவில்லை. ஒரே மலையடிவாரத்தில் வேட்டை வாழ்வு, மேய்ச்சல் வாழ்வு, சலவைக்கல் நகரத்தின் உச்சம், எரியும் நகரம், கொடிபடர்ந்த இடிபாடு எனக் காலம் சுழன்று வருகிறது. வரலாறு ஒரு சக்கரம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடு என்று ஒன்றும் நிலைக்காது. கோலின் நண்பர் ஆஷர் துராண்ட் 1853இல் வரைந்த ‘முன்னேற்றம்’ இதற்கு நேர்மாறானது. அதில் காலம் நேர்கோட்டில், இடப்பக்கத்துப் பாறை இருளில் ஒதுங்கி நிற்கும் பூர்வகுடிகளிடமிருந்து தந்திக்கம்பமும் ரயிலும் நகரமும் ஒளிரும் வலப்பக்கம் நோக்கிச் செல்கிறது. இரு நண்பர்கள் ஒரே நிலத்தைப் பார்த்து இரண்டு இறையியல்களை வரைந்திருக்கிறார்கள். நாடு தேர்ந்துகொண்டது துராண்டின் வழியை.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. பென்சில்வேனியாவின் எட்வர்ட் ஹிக்ஸ் (1780–1849) குவேக்கர் சபையின் பிரசங்கி. பிழைப்புக்கு வண்டிகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் வண்ணம் பூசியவர். ஏசாயா தீர்க்கதரிசியின் 11ஆம் அதிகாரத்தில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பகை மறந்து வாழும் காட்சி ஒன்று உண்டு. அதை ‘சமாதான ராஜ்யம்’ என்ற தலைப்பில் ஏறத்தாழ 60 முறை வரைந்தார். அவற்றில் பலவற்றின் பின்புலத்தில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், அங்கிருந்த பூர்வகுடிகளான லெனாப்பே மக்களோடு உடன்படிக்கை செய்துகொள்கிறார். நிலம் கடவுள் தந்த பரிசு என்று சொல்லாமல், அண்டைவீட்டாரோடு பேசிப் பெறவேண்டியது என்று சொல்லும் எல்லைப்புறக் கலை அன்று மிக அரிது. ஹிக்ஸின் பெருமை அதில்தான் இருக்கிறது. ஆனால் அவர் பிறப்பதற்கு வெகுமுன்பே, 1737இல், பென்னின் மகன்கள் அந்த லெனாப்பே மக்களை ஏமாற்றிவிட்டார்கள். ஒருவன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை நிலம் என்பது பேச்சு. வேகமாகச் செல்லும் ஆட்களைத் தயார்செய்து, பேச்சின் நோக்கத்தை மீறிப் பெரும்பரப்பை எடுத்துக்கொண்டார்கள். 1827இல் குவேக்கர் சபையே பிளவுபட்டது. அதற்குப் பிந்தைய ஓவியங்களில் ஹிக்ஸின் சிங்கங்களும் சிறுத்தைகளும் களைத்தும் கலங்கியும் தெரிகின்றன.

சமாதானத்தைப் பற்றிய இந்தத் தயக்கங்கள் வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டடத்தை எட்டவில்லை. அங்கே கல் உறுதியான குரலில் பேசியது. 1820களில் வட்ட மண்டபத்தின் 4 வாயில்களுக்கு மேல் புடைப்புச் சிற்பங்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் பூர்வகுடி மனிதர் புதிதாக வந்தவர்களுக்குச் சோளக்கதிரை நீட்டுகிறார். இன்னொன்றில் எல்லைப்புற வழிகாட்டி டேனியல் பூன் ஒரு பூர்வகுடியோடு மல்லுக்கட்டுகிறார், அவர்கள் காலடியில் மற்றொரு பூர்வகுடியின் உடல் கிடக்கிறது. விருந்தோம்பலையும் கொலையையும் ஒரே மண்டபத்தில் சமமாக வைத்த அந்தத் திட்டத்தை நினைக்கும்போது மனம் கனக்கிறது. 1853இல் கிழக்குப் படிக்கட்டில் ஹொரேஷியோ கிரீனோவின் ‘மீட்பு’ சலவைக்கல் தொகுதி நிறுவப்பட்டது. பேருருவான குடியேறி ஒருவன் கோடரி ஏந்திய பூர்வகுடியைப் பின்னிருந்து பிடித்து முடக்குகிறான். பக்கத்தில் தாயும் குழந்தையும். மீட்பு என்ற சமயச் சொல் இங்கே உடல்வலிமையின் பெயராகிவிட்டது. எதிர்ப்படியில் கையில் உருண்டையை உயர்த்திய கொலம்பஸ், அவர் பக்கத்தில் அஞ்சி ஒதுங்கும் பூர்வகுடிப் பெண். லிங்கன் உட்பட அதிபர்கள் பலர் இவ்விரு தொகுதிகளுக்கும் இடையே நின்று பதவியேற்றார்கள். பூர்வகுடிகளின் எதிர்ப்பு நெடுங்காலம் தொடர்ந்தது. 1958இல் கட்டட விரிவாக்கத்தின்போது அகற்றப்பட்ட சிலைகள் மீண்டும் வைக்கப்படவில்லை.

அதே கட்டடத்தின் மேற்குப் படிக்கட்டில் இம்மானுவேல் லூட்ஸா 1862இல் முடித்த சுவரோவியம், இந்த இறையியலின் முழு வடிவம். 20 அடி உயரம், 30 அடி அகலம். மலைக்கணவாயின் உச்சியை எட்டிய குடியேறிகள் பொன்னிற மேற்குவானத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அதன் தலைப்பு ஆயர் ஜார்ஜ் பெர்க்லியின் கவிதையிலிருந்து எடுத்தது. பொருள்கள் இருப்பது காணப்படுவதில்தான் என்று வாதிட்ட அதே தத்துவஞானிதான் அவர். பேரரசும் கலைகளும் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்து அமெரிக்காவில் நிறைவடையும் என்று 1726இல் எழுதியவர். லூட்ஸா ஓவியத்தின் ஓரச்சட்டத்தில் மோசே இஸ்ரவேலரை நடத்திச் செல்கிறார், எஸ்கோல் பள்ளத்தாக்கின் திராட்சைக்குலையை வேவுகாரர்கள் சுமந்து வருகிறார்கள், நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து சாஸ்திரிகள் போகிறார்கள். அடியில் சான் பிரான்சிஸ்கோவின் பொன்வாயில் விரிகிறது. நடுப்பரப்பின் வண்டிப் பயணத்துக்குப் பொருள் சொல்லும் உரையாகவே இந்த ஓரச்சட்டம் செயல்படுகிறது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாள்களில், கோவேறு கழுதைமேல் குழந்தையோடு அமர்ந்த வெள்ளைக்காரத் தாயை நடத்திச் செல்லும் கறுப்பின மனிதர் ஒருவரை லூட்ஸா ஓவியத்தின் முன்புறத்தில் சேர்த்தார். எகிப்துக்குத் தப்பிச்சென்ற திருக்குடும்பத்தின் சாயல் அதில் தெரிகிறது. அடிமைப்பட்டவர்களுக்கும் வாக்குத்தத்த பூமியில் இடம் உண்டு என்று சொன்ன துணிச்சல் அது. அந்தத் துணிச்சல் பூர்வகுடிகள்வரை நீளவில்லை. வழிப்பயணத்தின் உரிமை பற்றி அவர்களிடம் ஓவியம் எதையும் கேட்கவில்லை. இதே திருக்குடும்பச் சாயலை அதற்குப் பத்தாண்டு முன்பே ஜார்ஜ் காலெப் பிங்கம், கம்பர்லாந்து கணவாய் வழியே பூன் குடியேறிகளை அழைத்துவரும் ஓவியத்தில், வெள்ளைக்குதிரை மேலமர்ந்த பெண்ணுக்குத் தந்திருந்தார்.

ஒளியை வாதமாக்கியதில் ஆல்பர்ட் பியர்ஸ்டாட்டுக்கு (1830–1902) இணையில்லை. 1859இல் பிரெடரிக் லேண்டரின் அளவைக் குழுவோடு மேற்கே சென்று வந்தவர், 1863இல் ‘ராக்கி மலைகள், லேண்டர் சிகரம்’ என்ற ஓவியத்தை முடித்தார். 6 அடி உயரம், 10 அடி அகலம். 1865இல் 25,000 டாலருக்கு விலைபோனது. உண்மையில் இல்லாத உயரத்துக்கு மலைகளை நிமிர்த்தி, நடுவில் விழும் அருவிமேல் மட்டும் மேகம் பிளந்து ஒளி இறங்கச் செய்தார். தேவாலயத்தின் பலிபீடத்தை நோக்கி நடப்பவரைப்போல் கண் தானாக அங்கே போகிறது. முன்னே நிழலில் ஷோஷோனி மக்களின் முகாம், வேட்டை முடிந்த அமைதியில் இருக்கிறது. அந்த 1863ஆம் ஆண்டின் ஜனவரியில்தான், இன்றைய ஐடஹோ மாநிலத்தில், கரடி ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த வடமேற்கு ஷோஷோனி மக்களில் 200க்கும் மேற்பட்டவர்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, அமெரிக்கப் படையினர் கொன்றார்கள். ஓவியர் கண்ட முகாம் வேறு, தாக்கப்பட்ட முகாம் வேறு. ஆயினும் அந்தத் தேதியை அறிந்தபின் அந்த அருவியின் ஒளியை முன்போல் பார்ப்பது கடினம். அழகைப் புனிதம் என்று உணர்வது மனித இயல்பு. அந்த உணர்வே, பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வியை எழவிடாமல் தடுக்கவும் கூடும்.

தாமஸ் மோரன் 1871இல் ஹேடன் அளவைக் குழுவோடு சென்று வரைந்த யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. 1872 மார்ச் 1 அன்று அப்பகுதி உலகின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. மனிதர் தொடாத படைப்பு என்று போற்றப்பட்ட அந்த இடத்தில் துக்குடிக்கா என்னும் மலை ஷோஷோனியர் நெடுங்காலமாக வாழ்ந்துவந்தார்கள். பூங்கா அமைந்த சில ஆண்டுகளில் அவர்கள் அகற்றப்பட்டார்கள். மோரனின் ‘திருச்சிலுவை மலை’ (1875) இன்னும் நேரடியானது. கொலராடோ சிகரம் ஒன்றின் பாறைப்பிளவுகளில் பனி சிலுவை வடிவில் தங்குவதை வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1873இல் ஒளிப்படமாக்கியிருந்தார். மோரன் அதன்முன் இல்லாத ஓர் ஓடையை வரைந்து சேர்த்தார். கண்டத்தின் நடுவில் கடவுளே கையெழுத்திட்டிருக்கிறார் என்று நம்ப விரும்பிய மக்களுக்கு அந்த மலை சாட்சியாயிற்று. யாத்திரிகர்கள் அதைக் காணக் குவிந்தார்கள்.

ஜான் காஸ்ட்டின் ‘அமெரிக்க முன்னேற்றம்’ (1872) கலைத்தரத்தில் இவற்றோடு நிற்காது. ஆனால் பரவலில் எல்லாவற்றையும் மிஞ்சியது. பயண வழிகாட்டி நூல்கள் வெளியிட்ட ஜார்ஜ் குரோஃபட்டுக்காக ஓர் அடி உயரம்கூட இல்லாமல் வரையப்பட்டு, கல்லச்சு வண்ணப் பிரதிகளாக வீடுகளுக்குப் போனது. நெற்றியில் நட்சத்திரமும் கையில் பாடப்புத்தகமும் தந்திக்கம்பியுமாக வெள்ளுடைப் பெண் ஒருத்தி வானில் மிதந்து வருகிறாள். அவள் ஒளிக்கு முன்னே பூர்வகுடிகளும் காட்டெருமைகளும் இருட்டுக்குள் ஓடுகிறார்கள். அவள் தேவதையின் உருவம் கொண்டவள், ஆனால் எந்த வேதத்திலும் இல்லாதவள். இறைச் சித்தம் இருந்த இடத்தில் இப்போது முன்னேற்றம் என்ற தெய்வம் வந்து அமர்ந்துவிட்டது. வணங்குவோருக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை.

பூர்வகுடிகளின் சமயத்தையே வரைய முயன்றவர் ஜார்ஜ் கேட்லின் (1796–1872). 1832இல் மிசௌரி ஆற்றங்கரையில் மாண்டன் மக்களின் ஓகீப்பா சடங்கை நேரில் கண்டு 4 ஓவியங்கள் வரைந்தார். உலகத் தோற்றத்தையும் பெருவெள்ளத்தையும் நினைவுகூர்ந்து, காட்டெருமைகள் திரும்பி வர வேண்டி, இளைஞர்கள் தோலில் குச்சி கோத்துத் தொங்கும் 4 நாள் சடங்கு அது. கேட்லின் அதைக் கண்டு நடுங்கினார். அதிலிருந்த பக்தியின் உண்மையையும் மறுக்கவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று குற்றம்சாட்டப்பட்டபோது ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1837இல் பெரியம்மை மாண்டன் மக்கள் சுமார் 1,600 பேரில் 150க்கும் குறைவானவர்களையே விட்டுவைத்தது. கேட்லினின் ஓவியங்கள் அதன்பின் இரங்கற்பாவாகப் படிக்கப்பட்டன. மறைந்துபோவது பூர்வகுடிகளின் விதி என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது. அந்த எண்ணத்தில் ஒரு வசதி இருந்தது. விதி என்று சொன்னபின் கொன்றவர், பறித்தவர், உடன்படிக்கை மீறியவர் என்று எவரையும் தேடவேண்டியதில்லை.

சிற்பத்தில் இந்த இரங்கலின் உச்சம் ஜேம்ஸ் ஏர்ல் பிரேசரின் ‘பாதையின் முடிவு’. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பேருருவாக நின்றது. தலைகவிழ்ந்த குதிரை, அதன்மேல் துவண்ட வீரன், கீழ்நோக்கித் தாழ்ந்த ஈட்டி. டகோட்டா சமவெளியில் வளர்ந்த பிரேசரின் வருத்தம் உண்மையானது, வேலைப்பாடு சிறந்தது. ஆனால் முடிவு என்று அவர் நினைத்தது முடிவில்லை. 1890 கணக்கெடுப்பில் சுமார் 2,48,000 ஆகக் குறைந்திருந்த பூர்வகுடிகள், 2020 கணக்கெடுப்பில், கலப்பு வழியினரையும் சேர்த்து, 97 லட்சம் பேர். மாண்டன் மக்கள் இன்றும் வடக்கு டகோட்டாவில் வாழ்கிறார்கள். மற்றொரு சிற்பியான பிரெடரிக் ரெமிங்டனின் வெண்கலக் குதிரைவீரர்களில் கடவுளுக்கு இடமில்லை. வலியவன் பிழைப்பான் என்ற அக்காலத்துக் கருத்தே அவற்றை ஓட்டுகிறது. 1928–29இல் 12 மாநிலங்களில் நிறுவப்பட்ட ‘பாதையின் மாதா’ சிலைகள் பழைய சமயச் சாயலை மீட்டெடுத்தன. கையில் குழந்தையோடு மரியாளின் பெயரைத் தாங்கிய அந்தத் தாயின் மறுகையில் துப்பாக்கி இருக்கிறது. சார்லஸ் ரசல் 1912இல் மாண்டானா சட்டமன்றத்துக்கு வரைந்த சுவரோவியம் விதிவிலக்கு. மேற்கை ஆராய வந்த லூயிஸும் கிளார்க்கும் வலப்பக்கம் தூரத்தில் சிறிதாக நிற்க, சாலிஷ் குதிரைவீரர்கள் முன்புறம் முழுவதையும் நிறைக்கிறார்கள். அந்நியர் நுழைந்த வீடாக மேற்கை ரசல் காட்டினார்.

பூர்வகுடிகளும் இதே ஆண்டுகளில் வரைந்துகொண்டிருந்தார்கள். லக்கோட்டா மக்களின் ‘குளிர்காலக் கணக்கு’ தோலில் ஆண்டுக்கு ஓர் உருவமாகச் சுழன்று வளரும் வரலாறு. 1833இன் நவம்பர் விண்கல் மழை அவற்றில் பலவற்றில் நட்சத்திரங்கள் விழுந்த ஆண்டாக நிற்கிறது. போரில் பிடிபட்ட கயோவா, சயான் முதலிய இனங்களின் 72 பேர் 1875 முதல் 1878 வரை புளோரிடாவின் மாரியன் கோட்டையில் சிறையிருந்தபோது, வேட்டை, முகாம், பயணம் ஆகியவற்றை ஏட்டுத்தாள்களில் வண்ணப் பென்சிலால் வரைந்தார்கள். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் பொன்னிற அடிவானம் கிடையாது, வானத்திலிருந்து இறங்கும் ஒளியும் கிடையாது. வெள்ளைத்தாளில் மனிதரும் குதிரையும் விலங்கும் அவரவர் அடையாளத்தோடு தெளிவாக நிற்கிறார்கள். நிலம் யாருக்கோ வாக்களிக்கப்பட்ட வெற்றிடமாக இல்லை. அங்கே இருப்பவர்களின் உறவுகளால் நிறைந்திருக்கிறது. மாரியன் கோட்டைக் கைதிகளில் ஒருவரான சயான் இனத்து ஒகர்ஹேட்டர் இளமையில் சூரிய நடனம் என்ற சடங்கை ஆடியவர். விடுதலைக்குப் பின் கிறிஸ்தவராகி 1881இல் எபிஸ்கோப்பல் சபையின் உதவிக்குருவானார். 1985இல் அச்சபை அவரைத் தன் புனிதர் நாட்காட்டியில் சேர்த்தது. அவர் பணியாற்றிய ஆண்டுகளில், 1883 முதல், சூரிய நடனத்தை அரசு குற்றமாக்கி வைத்திருந்தது. பூர்வகுடிகளின் வழிபாட்டுரிமையைக் காக்கும் சட்டம் 1978இல்தான் வந்தது.

ஒக்லாலா லக்கோட்டாவான ஏமஸ் பேட் ஹார்ட் புல் கடையில் வாங்கிய கணக்குப் பேரேடு ஒன்றில் 400க்கும் மேற்பட்ட படங்களில் தம் மக்களின் வரலாற்றையும் சடங்குகளையும் வரைந்து 1913இல் காலமானார். 1920களில் ஹெலன் பிளிஷ் என்ற ஆய்வாளர் அதைப் படித்து ஒளிப்படம் எடுக்கச் செய்தார். 1947இல் ஏமஸின் சகோதரி இறந்தபோது பேரேடு அவரோடு புதைக்கப்பட்டது. ஒளிப்படங்கள் 1967இல் நூலாயின. அருங்காட்சியகத்துக்குப் பழகிய மனத்துக்கு இது இழப்பு. அந்தக் குடும்பத்துக்கு, இறந்தவரோடு போகவேண்டிய பொருள் போய்ச் சேர்ந்தது.

ஏமஸ் வரைந்த இடங்களில் கருங்குன்றுகளும் உண்டு. 1868 உடன்படிக்கையில் லக்கோட்டாக்களுக்கு உறுதியளிக்கப்பட்ட அப்பகுதி, 1874இல் தங்கம் கிடைத்தபின் 1877இல் பறிக்கப்பட்டது. அங்கே ‘ஆறு பாட்டனார்’ என்று அவர்கள் வணங்கிய பாறைமலையில்தான் கட்ஸன் போர்க்லம் 1927 முதல் 1941 வரை 4 அதிபர்களின் முகங்களைச் செதுக்கினார். குன்றுகளைப் பறித்தது சட்டப்படி இழப்பீட்டுக்குரியது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது. லக்கோட்டாக்கள் அந்தப் பணத்தை ஏற்கவில்லை. நிலம் விற்பனைக்கில்லை என்பதே அவர்கள் நிலை. அருகிலேயே, தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேரின் அழைப்பில், லக்கோட்டா வீரர் கிரேசி ஹார்ஸின் உருவத்தை மற்றொரு மலையில் கோர்ச்சாக் சியோல்கோவ்ஸ்கி 1948இல் செதுக்கத் தொடங்கினார். பணி இன்னும் முடியவில்லை. தங்கள் வீரருக்கும் அதே அளவு கல் வேண்டும் என்கிறார்கள் லக்கோட்டாக்களில் சிலர். புனித மலையை யாருடைய முகத்துக்காகவும் உடைக்கக்கூடாது என்கிறார்கள் வேறு சிலர்.